பாதியில் நின்ற பக்கம்

1

கதை எழுத நான் உட்காரவே இல்லை. ஓர் இணைய இதழ் கட்டுரை கேட்டிருந்தது: வலைத்தள வடிவமைப்பில் இப்போது என்ன மோஸ்தர், புதிதாக முளைக்கும் சமூக வலைத்தளங்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? அபிப்பிராயத்துக்கா பஞ்சம். செபு என்கிற வெளிநாட்டுத் தீவு நகரத்தில் ஒரு சின்ன கம்பெனியில், வலைத்தளப் பொத்தான்களுக்கு வார்த்தை எழுதிப் பிழைக்கிறவன் நான். 'உள்ளே வா', 'அனுப்பு', 'நிச்சயமாக அழிக்கலாமா?' எல்லாம் என் கைவண்ணம். ஆகவே காரசாரமாகவே தொடங்கினேன்.

"ஒரு காலத்தில் பக்கத்தைத் திறந்தால் பாட்டுப் பாடும், எழுத்து கண்ணடிக்கும், மூலையில் நட்சத்திரம் உதிரும். அசிங்கம்தான், ஆனால் வீட்டுக்காரர் யாரென்று தெரியும். இப்போது எல்லாப் பக்கமும் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. எழுத்து சாம்பல் நிறத்தில், நூல் கனத்தில். நாற்பது தாண்டியவர்கள் படிக்கக் கூடாதென்று யாரோ தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மேலே திரையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு படம். புதுச் சமூக வலைத்தளங்களோ 'உங்களுக்கு நெருங்கியவர்களுக்கு மட்டும்' என்று குழைந்துகொண்டு வருகின்றன. உள்ளே போன மறுநிமிடமே உங்கள் போனில் இருக்கிற எண்களையெல்லாம் கேட்கின்றன. இதில்—"

இந்த 'இதில்' வரைக்கும் வந்தபோது பெர்லிதாவின் நினைவு வந்துவிட்டது. கட்டுரை அங்கேயே படுத்துக்கொண்டது.

2

கதையின் ஆரம்பத்துக்கு நான் போட்டுப் பார்த்தவை:

மண்டாவே நெரிசலில் பெர்லிதா ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கியபோது— (எல்லாக் கதையிலும் யாராவது எதிலிருந்தாவது இறங்குகிறார்கள். வேண்டாம்.)

அன்று கடல்— (கூடவே கூடாது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். பெர்லிதா எங்கள் கம்பெனியின் வடிவமைப்பாளர். அவள் கணவன் எஃப்ரன், சரக்குக் கப்பல் ஒன்றில் இயந்திர அறையில் வேலை பார்க்கிறான். கம்பெனியை நடத்துபவர் ஹெனாரோ. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த சமூக வலைத்தளத்தின் பெயர் 'சிலிங்கன்'. அந்த ஊர்க்காரர்கள் மொழியில் பக்கத்து வீட்டுக்காரர் என்று அர்த்தம். கடல் தாண்டி வேலைக்குப் போனவர்களும் வீட்டில் இருப்பவர்களும் பேசிக்கொள்வதற்காக, குடும்பத்துக்கு ஒரு பக்கம். வெளியாள் எட்டிப் பார்க்க முடியாது.

3

மாதிரிக்கென்று பெர்லிதா முதலில் செய்தது தன் குடும்பப் பக்கத்தைத்தான். மேலே திரை முழுக்கப் படம், கீழே தள்ளிக்கொண்டு போனால் வீட்டார் எழுதும் சேதி. படம் பந்தாயன் தீவில் எஃப்ரன் எடுத்தது. முக்கால்வாசி வானம். அடியோரத்தில், காற்றில் பறக்கும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பெர்லிதா சிரிக்கிறாள். அந்தப் பக்கத்தை அவள் இழைத்து இழைத்துச் செய்தாள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள், நான் உள்பட.

எஃப்ரனின் ஒப்பந்தம் முடியும் நேரம் அது. வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும், இன்னொரு ஆறு மாதம் நீட்டித்துக்கொள்ளலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே பெர்லிதா இப்படி எழுதினாள்: "மாடி வேணாம். நீட்டிக்காத. தனியாவே சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குச் சோத்து மேலயே வெறுப்பு வந்துருச்சு. வந்துடு."

(போனில் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். கப்பலில் போன் இருப்பது சாப்பாட்டுக் கூடத்தில். பேசுகிறவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமே சோற்றையும் காதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதுவும் போக, போனில் சொன்னால் அவள் அழுதுவிடுவாள். அழுகைக்காக அவன் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை. படித்துவிட்டு, தானாக யோசித்து வர வேண்டும்.)

அடுத்த அழைப்பில் எஃப்ரன், "உன் பக்கத்தப் பார்த்தேன் லங்கா, ரொம்ப அழகா இருக்கு" என்றான்.* அதற்கடுத்த அழைப்பில், நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான். பெர்லிதா சரி என்று மட்டும் சொன்னாள்.

* லங்கா என்றால் அங்கே 'கண்ணே' என்பது மாதிரி. உங்களுக்கு வேறு ஏதாவது தீவு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

4

இந்த இடத்தில் எஃப்ரன்மீது எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவனைக் கல்நெஞ்சக்காரனாக எழுதினேன்: மனைவி கெஞ்சியதைப் படித்துவிட்டு, படிக்காததுபோல் தாண்டிப் போகிறவன். எழுதச் சுலபமாக இருந்தது. பெர்லிதாவும் அப்படித்தான் நம்பினாள். அவன் கூப்பிட்டால் மின்சாரக் கட்டணம், கொத்தனார், அவன் அம்மாவின் மூட்டுவலி என்று பேசிவிட்டு வைத்தாள். மத்தியானம் புசோ சோறு வாங்கிவந்து, தென்னங்கீற்றுக் கூட்டைப் பிரித்து அரைக்கவளம் தின்றுவிட்டு மீதியை என் பக்கம் தள்ளுவாள். வாங்கித் தின்னவும் முடியாமல், வேண்டாமென்று சொல்லவும் முடியாமல் தவித்தேன்.

அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன். காரணம் ஒரு போன் அழைப்பு. அவள் பக்கப் பேச்சை அடுத்த மேஜையிலிருந்து நான் கேட்டேன்; அவன் சொன்னதைப் பிறகு அவள் சொன்னாள்.

"என் பக்கத்துல என்ன பார்த்தே, சொல்லு."

"எல்லாந்தான். அழகா இருந்துச்சு."

"எது அழகா இருந்துச்சு?"

"வானம்."

"அப்புறம்?"

அந்தப் பக்கம் யாரோ கரோக்கியில் உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வானந்தான் லங்கா. நல்ல நீலம்."

"நான் எப்படி இருந்தேன்?"



"நீ அதுல இருக்கியா?"

கப்பலில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று இணையம் அளந்து கொடுக்கிறார்கள். பெர்லிதாவின் படம் மேலிருந்து கீழாக இறங்கும். வானம் முடிவதற்குள் எஃப்ரனின் பங்கு தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் முயன்றிருக்கிறான், ஒவ்வொரு முறையும் வானத்தோடு நின்றிருக்கிறது. பக்கம் திறக்கவில்லை என்று சொன்னால் மனைவியின் முகம் வாடிவிடுமே என்று, பார்த்த வரைக்கும் புகழ்ந்திருக்கிறான். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டாலும் நன்றாயிருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்குவார்கள்.

கீழே எழுதியிருந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன், ராத்திரிக்குள் இன்னொரு தடவை திறந்து பார் என்று வைத்துவிட்டாள்.

5

போனை வைத்த கையோடு படத்தைத் தூக்கினாள். சாம்பல் எழுத்தை, விரிந்து மடங்கும் பட்டியை, நிழலை, வளைந்த மூலையை, எல்லாவற்றையும் தூக்கினாள். வெள்ளையில் கறுப்பாக எழுத்து மட்டும் மிஞ்சியது. தன் பக்கத்தில் மட்டுமல்ல, எல்லாக் குடும்பத்தின் பக்கத்திலும்.

ஹெனாரோ ஓடிவந்தார். "நாளைக்குப் பணம் போடறவங்க பார்க்க வர்றாங்க பெர்லி. இதக் காட்டினா டெலிபோன் பில்லுன்னு நினைச்சுக்குவாங்க."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரரும் கப்பல்லதானே இருக்கார்?"

"ஆமா."

"சிலிங்கனைப் பார்த்துட்டு அழகா இருக்குன்னாரா?"

"ரொம்ப அழகா இருக்குன்னார்."

"எது அழகுன்னு கேளுங்க."

ஹெனாரோ போனை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மனிதர்மீது எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் இன்னும் போகவில்லை.

6

இனி முடிவு. கப்பல் சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் எஃப்ரன் கேப்டனிடம் கேட்டால் நீட்டிப்பை ரத்துசெய்து இறங்கிவிடலாம். அப்படி இறங்கியவனைக் கப்பல் கம்பெனி மறுபடி கூப்பிடாமலும் போகலாம். பெர்லிதா 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் புதிய பக்கம் போய்விடும், கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். அந்தச் சேதி இன்னும் அதில்தான் இருக்கிறது.

முடிவு ஒன்று: அவள் சேதியை அழித்துவிடுகிறாள். எஃப்ரன் ஒன்றும் தெரியாமல், நிம்மதியாக ஆறு மாதத்தையும் முடிக்கிறான். மாடி எழும்புகிறது. (நண்பர் ஒருவர் இதுதான் அன்பு என்றார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.)

முடிவு இரண்டு: விட்டுவைக்கிறாள். அவன் படிக்கிறான், இறங்கி வருகிறான். வேலை போகிறது. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். (அல்லது: படிக்கிறான், இறங்கவில்லை. அவள் கெஞ்சிய பிறகும் கப்பலில் இருந்தவன் என்பதைச் சுமந்துகொண்டு ஆறு மாதம்—)

முடிவு மூன்று: சரியாக அந்த நேரம் பார்த்து சாட்டிலைட் கோளாறு. இப்படி முடித்தால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

பெர்லிதா பழைய சேதியை வெட்டித் தனியாக வேறோர் இடத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, காலியான பெட்டியை என்னிடம் காட்டினாள்.

"நீங்கதானே எல்லாத்துக்கும் வார்த்தை எழுதறீங்க. என்ன எழுதட்டும், சொல்லுங்க."

யோசித்தேன். 'அனுப்பு' வந்தது, 'நிச்சயமாக அழிக்கலாமா?' வந்தது. வேறொன்றும் வரவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம்விட்டு, காத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் இப்போது உங்களை உட்கார வைக்கிறேன். பழையதையே திரும்ப ஒட்டலாம், புதிதாக எழுதலாம், காலியாகவும் விடலாம். அவசரமில்லை, ஹெனாரோ காபி கொண்டுவருவார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இந்த முறை எதை எழுதினாலும் அவன் படித்துவிடுவான்.