அச்சில் வந்த ஓட்டைகள்

என் தங்கை அமுதவள்ளிக்கு வாய் நீளம். கையும் சும்மா இருக்காது. கொச்சி கலூரில் லிஃப்ட்டுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை. போர்டில் சாமான்களைப் பற்றவைத்து, ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுப்பாள். கம்ப்யூட்டரில் போர்டை வரைவது அங்கே வேறு ஆட்கள். அவர்கள் வரைவதைப் பார்த்துப் பார்த்தே தனக்கும் அது வரும் என்று முடிவுகட்டிவிட்டாள். அவள் முடிவுகட்டினால் அப்பீல் கிடையாது.

அப்படி அவள் முதன்முதலாக வரைந்த போர்டு என் மனைவி மகாவுக்காக. மகாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தென்காசியில் பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு மட்டாஞ்சேரிக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான் வல்லார்பாடம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன், பகலெல்லாம் வண்டியில்தான். எங்களோடே இருக்கும் அமுதா அவ்வப்போது லீவு போட்டுத் துணைக்கு இருப்பாள். ஒருநாள் மகா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே தொட்டிலில் குழந்தை கத்திக் கத்தி முகமெல்லாம் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மிணி சேச்சி ஜன்னலில் நின்றுகொண்டு, "மகே, கொச்சு கரையுன்னு!" என்று, குழந்தை அழுவதை மலையாளத்தில் சொல்லிக் கூப்பாடு போட்டிருக்கிறார். மகாவுக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்து, ஓடிவந்து தூக்கியிருக்கிறார்.

சேதி தென்காசிக்குப் போய்விட்டது. மகாவின் அண்ணன் பிச்சைமணி போன் செய்தார்.

"மாப்ள, அமுதா லீவு போட்டு எத்தன நாளைக்குப் பாத்துக்கிடுவா? பிள்ளைக்கு நடை வரட்டும். அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம வாரேன். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருதேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. மகாவிடம் கையால் சொன்னபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கை பேசியது: "என் பிள்ளையை எனக்கு வளர்க்கத் தெரியாதா?"

பிள்ளை அழுதால் துடிக்கும் என்று கடையில் வாங்கிய கருவி ஒன்று இருந்தது. பஜார் ரோட்டு லாரி ஹாரனுக்கும் காக்கைக்கும் சேர்த்துத் துடிக்கும். மாடிக்குப் போனால் எதற்கும் துடிக்காது. அமுதா அதைத் தூக்கி மூலையில் போட்டாள். தொட்டில் கயிற்றில் ஒரு சின்னப் பெட்டி, மதினியின் மணிக்கட்டில் ஒரு சின்ன போர்டு. பிள்ளை அழுதால் கையில் துடிக்கும், மாடியிலும் துடிக்கும் என்றாள். பெட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது. கைக்கான போர்டைத்தான் புதிதாக வரைய வேண்டியிருந்தது.

லேப்டாப் முன்னால் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்துவிடுவார்கள். நாத்தனாரும் மதினியும் ஒரே கட்சியாக இருக்கும் வீட்டில் என்னைப் போன்றவனுக்கு சாயா கூடக் கிடைக்காது. வரைந்து முடித்த பிறகுதான் மகா கேட்டாள், இதைக் கையில் எப்படிக் கட்டுவது என்று. பசை போட்டால் துடிக்கிற துடிப்பில் விட்டுவிடும். துணிப்பட்டையில் வைத்துத் தைக்கத்தான் வேண்டும், தைக்க ஓட்டை வேண்டும். சட்டைப் பொத்தானில் இருப்பதுபோல் என்று மகா விரலால் காட்டினாள். அமுதா நாலு மூலையிலும் நாலு வட்டம் போட்டாள். மகா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அன்றே பெங்களூருக்கு ஆர்டர் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு கூரியர் வந்தது. பச்சை போர்டுகள், தபால்தலை அளவு. நாலு மூலையிலும் அழகான வெள்ளை வட்டங்கள். வட்டம் மட்டும்தான்.

"எம்மா, ஓட்டை எங்க?" என்றேன்.

அமுதா திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. சாப்ட்வேரில் ஓட்டைக்குத் தனி இடம் உண்டாம், எழுத்து அச்சடிக்கத் தனி இடம் உண்டாம். இவள் வட்டங்களை எழுத்தோடு போட்டுவிட்டாள். அவர்களும் ஒழுங்காக அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். மகா ஒரு போர்டை வாங்கி, ஊசியை வட்டத்தில் குத்திப் பார்த்து, சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. திரும்ப ஆர்டர் கொடுத்து வாங்க நாள் இல்லை.

"அழாதீங்க மதினி, துளை போட்டாப் போச்சு" என்று அமுதா ஒரு போர்டில் சாமான்களைப் பற்றவைத்து, டிரில்லை எடுத்து வட்டத்துக்குள்ளேயே இறக்கினாள். ஓட்டை விழுந்தது. போர்டும் செத்தது. வட்டத்துக்கு அடியில் மின்சாரம் போகும் செம்புக் கோடு ஓடியிருக்கிறது, அது அறுந்துபோனது. வெறும் படமாகப் போட்டதால் சாப்ட்வேரும் ஒதுங்கிப் போகச் சொல்லி எச்சரிக்கவில்லை.

"வெளங்கிரும்" என்றேன்.

"அண்ணே, நீ போயி சாயா போடு!" என்று எரிந்து விழுந்தாள்.

போட்டேன். திரும்பி வந்தபோது அதே படத்தைத் திறந்து வைத்திருந்தாள். இந்த முறை நிஜ ஓட்டை. அதைப் போர்டின் மேல் எங்கே வைத்தாலும் கோட்டில் இடித்தால் சிவப்புக் குறி வரும். அவள் நகர்த்த, மகா திரையில் சிவப்பைத் தேடினாள். மூலைகள் நாலும் சிவப்பு. ஓரங்கள் சிவப்பு. மகா அமுதாவின் கையைப் பிடித்து மவுஸைத் தானே நகர்த்த ஆரம்பித்தாள். இடதுபக்க மேல் ஓரத்தில், மூலைக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தில் சிவப்பு வரவில்லை. கீழே, நடுவைத் தாண்டி இன்னொரு இடம். அவ்வளவுதான், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு இடங்கள். அதை போர்டின் அளவிலேயே காகிதத்தில் அச்செடுத்து, இன்னொரு போர்டில் ஒட்டி, அதன் மேலேயே துளை போட்டு, சாமான்களைப் பற்றவைத்தார்கள். பட்டையில் வைத்து மகா தைத்தபோது போர்டு கோணலாக உட்கார்ந்தது. ஆனால் தொட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நான் குழந்தை மாதிரி அழுது காட்டியதும் அது துடித்தது. என் அழுகைக்கு நிஜக் குழந்தை விழித்துக்கொண்டு என்னைத் திட்டுவதுபோல் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிச்சைமணி மச்சான் காரோடு வந்துவிட்டார். பட்டையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை விசயம்லா, மாப்ள" என்றார். எனக்கும் நெஞ்சுக்குள் அதே பயம்தான். மகாவுக்கும் பிள்ளைக்கும் துணி வைத்திருந்த பையை மச்சான் எடுத்துப்போய் காரில் வைத்தார். மகா காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள்.

நாங்கள் மூவரும் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொட்டிலில் முதலில் ஒரு சிணுங்கல், பிறகு வீல் என்று அழுகை. எச்சில் கையோடு நான் எழுந்துவிட்டேன். அமுதா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இருண்ணே. ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

"ஏ, பிள்ளை அழுது!" மச்சான் நாற்காலியைத் தள்ளினார்.

"அவங்க பிள்ளை, அண்ணாச்சி. அவங்க வருவாங்க." சொல்லிவிட்டு அமுதா என் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பெற்ற குழந்தை பத்தடி தூரத்தில் அழ, சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் கொடுமை உலகத்தில் கிடையாது. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். துடிக்கவில்லையோ, ஓட்டையில் ஏதாவது அறுந்துபோனதோ என்று என்னென்னவோ ஓடியது. மச்சானும் பாதி எழுந்தபடியே நின்றார். அப்போது படியில் தடதடவென்று சத்தம். ஒரு தோளில் என் லுங்கி, பாதிப் படியில் மிச்சத் துணியெல்லாம் உதிர, மகா ஓடி வந்தாள். எங்களைப் பார்க்காமல் நேராகத் தொட்டிலுக்குப் போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். அழுகை நின்றது.

அதன் பிறகுதான் திரும்பினாள். காது கேட்கிற மூன்று பேர் எச்சில் கையோடு அப்படியே இருப்பதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை பிறந்த நாளிலிருந்து அவள் வருவதற்குள் யாராவது தூக்கிவிடுவார்கள். மகா ஒரு விரலை உயர்த்தினாள். அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டாள்.

முதல் ஆள், நான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிச்சைமணி மச்சான் கையைக் கழுவிக்கொண்டு, காரில் வைத்த பையை எடுத்துவரப் போனார்.