பெட்டியின் நிறம்

ஒரு காலத்தில் அந்த மாடி ஒரே கூடமாக இருந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுத்த கூடம். அண்ணன் கண்ணை மூடிய ஆண்டே தம்பி நடுவில் பலகைத் தடுப்பு அடித்தார். பெஞ்சுகளைப் பிரித்தார்கள். மின்விசிறிகளைப் பிரித்தார்கள். கரும்பலகை ஒன்றே ஒன்று என்பதால் அதையும் ரம்பம் கொண்டு அறுத்தார்கள். அறுத்த விளிம்பில் கை பட்டால் இன்றைக்கும் சிராய் ஏறும். தடுப்புக்கு இந்தப் பக்கம் அண்ணன் மனைவி இந்திய வரலாறும் பொது அறிவும் நடத்தினார். அவரை எல்லாரும் டீச்சர் என்றார்கள். அந்தப் பக்கம் கொழுந்தன் அதே வரலாற்றை நடத்தினார். அவரைச் சின்னவர் என்றார்கள். அந்தப் பங்காளிச் சண்டையில் வரலாறு மட்டும்தான் பாகம் பிரியாமல் நின்றது.

பாகம் பிரியாதது இன்னொன்றும் உண்டு. அது டீச்சர் எழுதிய கையேடு. ஒவ்வோர் ஆண்டும் அது அச்சேறிய மறுமாதம், அட்டையும் ஆசிரியர் பெயரும் மாத்திரம் மாறி, சின்னவரின் கையேடாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விற்பனைக்கு வரும். கேட்டால், "ஏன் அண்ணி, சுதந்திரம் கெடச்ச தேதி உங்க சொந்தச் சரக்கா? அத நானும் எழுதினா காப்பியா?" என்பார். அது நியாயம்தான். உண்மைக்குச் சொந்தக்காரர் கிடையாது.

பொய்க்கு உண்டு. ஆகவே டீச்சர் ஒரு பொய்யைச் செய்தார்.

நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்தார்கள். எழுத்தறியாதவரும் தமக்கு வேண்டிய பெட்டியை அடையாளம் காணும்படி அதன்மேல் வேட்பாளரின் சின்னத்தை ஒட்டினார்கள். டீச்சர் தம் கையேட்டில், பெட்டிகளை வேறுபடுத்தியது எது என்று கேட்டு, 'நிறம்' என்று விடை எழுதினார். விடுதலைக்கு முன்பு சில மாகாணத் தேர்தல்களில் நிறப் பெட்டிகள் இருந்ததுண்டு. எனவே யாருக்கும் ஐயம் எழாது. நல்ல பொய் என்பது உண்மைக்குப் பெரியப்பா மகனாக இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தம் மாணவர்களை அவர் கைவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் முதல் வேலை அதுதான். "பேனாவ எடுங்க. தேர்தல் பாடம், கடைசிக் கேள்வி. நிறத்தை அடிச்சிட்டு சின்னம்னு எழுதுங்க. ஏன்னு கேக்கக் கூடாது. வெளியில மூச்சு விடக் கூடாது."

சின்னவர் மறுமாதமே அந்தப் பொய்யைப் புள்ளி பிசகாமல் விழுங்கினார். அன்றே ஊரைக் கூட்டி அவரைத் தலைகுனிய வைத்திருக்கலாம். டீச்சர் அதைச் செய்யவில்லை. எலி பொறிக்குள் இருக்கிறது, அது எலிக்கே தெரியாது என்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அடுத்த பதிப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பொய் இரண்டு கையேடுகளிலும் ஊன்றி நின்று உண்மையைப் போலவே உடம்பு தேறியது.

ஓர் ஆண்டு அரசுத் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. தேர்வு வாரியம் வெளியிட்ட விடை: நிறம்.

டீச்சர் மாடிப்படி ஏறும்போது சின்னவர் தம் வாசலில் நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, உங்க பட்டாளம் மொத்தமும் பெட்டிக் கேள்வியில கவுந்துடுச்சாமே? சொந்தப் புத்தகத்தையே பசங்கள ஒழுங்காப் படிக்க வெக்க முடியலன்னா எதுக்கு இந்தக் கடை?"

"வாய அளந்து பேசுங்க."

"அளந்துதான் பேசுறேன். என் பசங்க எல்லாரும் அதுல பாஸ். சும்மா சொல்லக் கூடாது, அண்ணி எழுத்துன்னா கல்வெட்டு!"

உள்ளே மகள் காத்திருந்தாள். டீச்சரின் ஒரே மகள். முதல் பெஞ்சு மாணவி. வயது வரம்பின்படி அவளுக்கு இதுவே கடைசித் தேர்வு. வாரியத்தின் விடைகளோடு தன் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. தேறுவதற்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது.

"சின்னம்னு எழுதினேன்," என்றாள். "நீ சொன்னத நம்பி, சரியான பதில எழுதினேன். சித்தப்பாகிட்ட படிச்சிருந்தா தப்பா எழுதி வேலைக்குப் போயிருப்பேன்."

"அந்த ஆளுக்கு வெச்ச பொறிடி அது."

"அவரு பாட்டுக்கு வெளியில காதக் கொடஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. மாட்டினது நான்தான்." மகள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "ஆட்சேபணை போடப் போறேன். நூலகத்துல தேர்தல் ஆணைய அறிக்கை இருக்கு, நகல் எடுத்து வெப்பேன். நீ வந்து பேசணும். வரலைன்னா, நமக்குள்ள இதான் கடைசிப் பேச்சு."

டீச்சர் மகளோடு போனார். வாரிய அலுவலகத்தின் விசாரணை அறையில், சளி பிடித்த அதிகாரி ஒருவர் கைக்குட்டையும் கோப்புமாக அமர்ந்திருந்தார். எதிர்ப்புறம் சின்னவர். தம் மாணவர்களின் மதிப்பெண்ணைக் காப்பதற்காக எதிர்மனு கொடுத்திருந்தார். மனுவோடு அவர் இணைத்திருந்த சான்று அவருடைய கையேடு அன்று, டீச்சருடையது.

அதிகாரி அறிக்கையின் நகலைப் பார்த்தார், கையேட்டைப் பார்த்தார். "அம்மா, அறிக்கையில சின்னம்னு இருக்கு. உங்க புத்தகத்துல நிறம்னு இருக்கு. கேள்வி எடுத்தவர் காட்டின ஆதாரமும் இதே புத்தகந்தான். ஆதாரம் முரண்பட்டா வாரியம் சொன்ன விடைதான் நிக்கும். அது விதி. உங்க புத்தகத்துல இருக்கறது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா வேற விஷயம். அச்சுல ஏதாவது பிசகா?"

வழி திறந்திருந்தது. 'ஆமாம், பிசகு' என்ற இரண்டு சொற்களில் மகளுக்கு வேலையும் கிடைக்கும். தமக்கு மானமும் மிஞ்சும். டீச்சர் வாயெடுப்பதற்குள் சின்னவர் முந்திக்கொண்டார்.

"பிசகா? சார், இவங்க யாருன்னு தெரியாமப் பேசுறீங்க. கல்யாணப் பத்திரிகையிலேயே தப்புக் கண்டுபிடிச்சு, மறுபடி அடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பின அம்மா இவங்க. இந்தப் புத்தகம் எத்தன பதிப்பு வந்திருக்கு பாருங்க. எல்லாத்துலயும் நிறம்தான். இவங்க கண்ணுல படாம ஒரு தப்பு இத்தன வருஷம் குடித்தனம் பண்ணுமா?" என்றவர், டீச்சரை நேராகப் பார்த்தார். "சொல்லுங்க அண்ணி. அறிக்கைதான் தப்பு, நீங்க எழுதினது சரின்னு சொல்லுங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை என்பது அப்போதுதான் டீச்சருக்கு விளங்கியது. அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார்.

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிசகு இல்ல," என்றார் டீச்சர். "தப்புன்னு தெரிஞ்சே எழுதினேன். இவரு என் புத்தகத்த வருஷா வருஷம் திருடுறாரு. அத நிரூபிக்க எழுதினேன்."

அதிகாரி தும்ம மறந்து அமர்ந்திருந்தார். சின்னவரின் முகத்தில் டீச்சர் பல ஆண்டுகளாகக் காத்திருந்த வெட்கம் வரவில்லை. முகம் வேறு காரணத்தால் சிவந்தது.

"திருடினேன்தான்," என்றார். "இப்ப என்ன? ஆனா நம்பித் திருடினேன். வேற பத்துப் புத்தகம் கடையில கெடக்கு, எதையும் நான் தொட்டதில்ல. எங்க அண்ணி எழுதினதுல தப்பே இருக்காதுன்னு தொட்டேன். நீங்க தெரிஞ்சே வெஷம் வெச்சிருக்கீங்க. எனக்கு வெச்சா பரவால்ல. திங்கறது நானா? என் பசங்க இல்லையா?"

"திருடன் நியாயம் பேசாதீங்க!"

"சரி, பேசல. நீங்க பொய்யக் காசுக்கு வித்தீங்க, நான் அத வாங்காமலே வித்தேன். ரெண்டு கடையும் ஒரே சரக்குதான்."

"போதும்," என்றார் அதிகாரி. "எழுதிக் குடுங்கம்மா."

டீச்சர் எழுதிக் கொடுத்தார். ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், முற்றுப்புள்ளி உட்பட முறையாக எழுதிக் கொடுத்தார்.

வாரியம் விடையைத் திருத்தி அறிவித்தது. நூலாசிரியரே தவறென அறிந்து எழுதியதாக ஒப்புக்கொண்டமையால் இத்திருத்தம் செய்யப்படுகிறது என்று காரணத்தையும் அச்சிட்டது. தேர்வெழுதிய அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். மகள் தேறினாள், வெளியூரில் வேலைக்கான ஆணையும் வந்தது. அவள் பெட்டி கட்டும்போது டீச்சர் அறை வாசலில் நின்று, "போனதும் போன் பண்ணு," என்றார்.

"எனக்கு வரவேண்டிய மார்க்க எனக்கு வாங்கிக் குடுத்த. அதோட கணக்கு நேர்," என்றாள் மகள். "நன்றி சொல்லுவேன்னு எதிர்பார்க்காத."

புதிய பருவத்தின் முதல் வகுப்பன்று, வாசலில் ஒரு பெண் நின்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்து மாணவி.

"விடைய மாத்தினதுல எனக்கு ஒரு மார்க் போச்சு டீச்சர். வேலையும் போச்சு."

"திருட்டுப் புத்தகத்துல படிச்சா அப்படித்தான் ஆகும்."

"அந்தத் திருட்டுப் புத்தகத்துல மத்ததெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "தப்பு ஒன்னே ஒன்னுதான். அது நீங்க எழுதினது."

"வகுப்பு நேரம். கீழ போம்மா."

அவள் போனாள். டீச்சர் அரைக் கரும்பலகையின் முன் நின்று, எப்போதும் போலக் கணீரென்று சொன்னார்: "எழுதுங்க. தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏத்துக்கிட்ட நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, ஜூலை இருபத்திரண்டு."

பேனா எதுவும் அசையவில்லை. முதல் பெஞ்சில் ஒருவன் மேசைக்கு அடியில் கைப்பேசியை எடுத்தான். அவன் பக்கத்தில் இருந்தவனும் எடுத்தான். பின்வரிசையில் ஒருத்தி மறைக்கக்கூட முயலவில்லை. தலைகள் எல்லாம் கவிழ்ந்து, சிறிய திரைகளில் தேடின.

"என்ன நடக்குது இங்க?" என்றார் டீச்சர்.

"ஒரு நிமிஷம் டீச்சர்," என்றான் முதல் பெஞ்சுக்காரன், நிமிராமல். பிறகு பின்னால் திரும்பி மற்றவர்களிடம் சொன்னான்: "சரிதான். எழுதிக்கலாம்."

அதன் பிறகே அவர்கள் எழுதத் தொடங்கினார்கள். டீச்சர் அடுத்த வரியைச் சொன்னார். சொல்லிவிட்டு, சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நின்றார்.