மூன்று புள்ளிச் சாவி

தங்கையாவின் வாசலை நான் ஒன்பது வருஷம் மிதிக்கவில்லை. அன்றைக்கு மிதித்தேன். என் பெண்சாதி பரிமளத்தின் கண்ணுக்காக. எட்டு மாதம் காத்திருந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் கிடைத்த நாள் மறுநாள். மழையில் மண் சரிந்து றக்வானை ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. சின்ன வாகனம் மட்டும் ஓரமாக ஊர்ந்து போகலாம். எங்கள் தோட்டத்தில் வாடகைக்கு ஓடுகிற கார் ஒன்றே ஒன்று, தங்கையாவின் பழைய ஒஸ்டின்.

அது முன் சக்கரம் இல்லாமல் ஜாக்கி மேல் நின்றது. அவன் அடியில் மல்லாந்து கிடந்தான்.

"யாரு? சத்தியவானா?" என்றான் எழும்பாமலே, குத்தலாக.

"நாளைக்கு வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஒனக்கு ஓடாது."

பரிமளத்தின் விஷயத்தைச் சொன்னேன்.

"பரிமளக்காவுக்குன்னா ஓடும். ஆனா இந்தப் போல்ட்டு அசைய மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையில் ரப்பர் மாற்றப் போயிருக்கிறான். மூன்று போல்ட் கழன்றிருந்தது. நாலாவது துருப்பிடித்து இறுகி, தலை மூலையெல்லாம் மழுங்கிக் கிடந்தது.

"எத்தனாம் நம்பர் ஸ்பானர் சாவி போட்ட?"

"பதினஞ்சு."

"அடேய், இது அங்குலக் கணக்கு வண்டி. ஜப்பான் வேனு மில்லிமீட்டர் சாவியப் போட்டு ஆட்டுனா மூல மழுங்காம இருக்குமா?"

"அங்குலச் சாவிக்கு எங்கய்யா போறது? லொறி ஷெட்டுல ஒரு செட்டு இருந்திச்சு. எவனோ தூக்கிட்டான்." வெளியே தலையை நீட்டி என் முகத்தையே பார்த்தான். "நெருப்பு வச்சிப் பாக்கப் போறேன்."

"வையி. மிச்ச ரப்பரும் எரியட்டும்."

தூக்கியவன் நான்தான். தொண்ணூற்றிரண்டில் தோட்டம் கம்பனி கைக்குப் போனபோது, வருகிறவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவான் என்று தெரியும். நான் ஷெட்டில் லொறி பழுது பார்க்கிற பிட்டர். செட்டை எடுத்துக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்தேன். தோட்டத்துத் துரை கேட்டதற்கு மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். பழி லொறி டிரைவர் தங்கையா மேல் விழுந்தது. அவன் வேலை போனது. விழுந்தால் விழட்டும் என்றுதான் அன்றைக்கு இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பரிமளம் அடுப்படியில் நெருப்புப்பெட்டியைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

கோழிக்கூட்டை நகர்த்தித் தோண்டி, அந்தப் போல்ட்டுக்குச் சரியான சாவியை எடுத்தேன். ஷெட் சாமான் எல்லாவற்றிலும் பிடியில் மூன்று புள்ளி குத்தியிருக்கும். அது தெரியாமல் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு தங்கையாவிடம் போனேன்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, டீசல் ஊற்றி ஊறவிட்டேன். போல்ட் தலையில் நேராக நாலு அடி. பிறகு வளையச் சாவியைத் தலைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். பிடித்துக்கொண்டது. இழுத்தால் டீசல் பட்ட துணி வழுக்கியது. மறுபடி இழுத்தேன். மறுபடி வழுக்கியது.

"துணிய உருவுய்யா," என்றான் தங்கையா. "என்ன பொம்பளப் புள்ளையா, முக்காடு போட?"

உருவினேன். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் தள்ளினேன். பிறகு காலை ஊன்றி இந்தப் பக்கம் இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் திரும்பியது.

அவன் போல்ட்டைப் பார்க்கவில்லை. சாவியை வாங்கி, கட்டைவிரலால் மூன்று புள்ளியையும் தடவினான்.

"ஒன்பது வருஷம்," என்றான். "என் புள்ளைங்கள கள்ளன் மக்கள்னு கூப்பிட்டானுங்க."

நான் கையிலிருந்த டீசலைத் துணியில் துடைத்தேன்.

"நாளைக்குக் காலையில பேர் போடுற பெரட்டுக்கு வா. ஆளுங்க எல்லாம் நிக்கிறப்ப இதத் தூக்கிக் காட்டி, நான்தான் எடுத்தேன்னு சொல்லு. அப்புறம் வண்டி கெளம்பும். ஒம் மகள் கோகிலா கூட வரட்டும். நீ ஏறக்கூடாது."

"போல்ட்ட நான்தான் இறுக்குவேன். ஒன்ன நம்பி அவள அனுப்ப மாட்டேன்."

"சரி, இறுக்கு."

அவன் வாங்கி வைத்திருந்த ரப்பரையும் புதுப் போல்ட்டையும் நானே போட்டு இறுக்கினேன்.

காலையில் பெரட்டுக் களத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற சனம் முழுக்க நின்றது. சாவியைத் தூக்கினேன். "நான்தான் எடுத்தேன். சத்தியம் பண்ணினது பொய்," என்றேன். ஒருத்தி தூ என்று துப்பினாள். கோயில் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கையா சாவியை என் கையிலிருந்து பிடுங்கி, கார் முன்கண்ணாடிக்கு உள்ளே, வெளியே தெரிகிற மாதிரி வைத்தான். பின்கதவைத் திறந்து பரிமளத்தைக் கையைப் பிடித்து ஏற்றினான்; கோகிலாவும் ஏறினாள். என் பக்கம் பார்க்கவில்லை.

கார் கிளம்பி வளைவில் திரும்பும்போது சக்கரம் ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆடவில்லை. என்னைச் சுற்றி நின்றவர்கள் இரண்டு அடி தள்ளி நின்றார்கள்.