யார் கால் அளவு?

பன்னிரண்டு வருடமாகக் கையில் லைசென்ஸ் இருந்தும் வாசலில் நிற்கும் சொந்தக் காரைத் தொட முடியாமல் இருப்பது என்ன கொடுமை என்று தையல்காரம்மாவைத்தான் கேட்க வேண்டும். எப்போது சாவி கேட்டாலும் அவள் வீட்டுக்காரரான கணக்கு வாத்தியார் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"உனக்குக் கால் எட்டாதும்மா."

அது பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கார் வாத்தியாரைவிட மூத்தது. பிரேக்கும் கிளட்ச்சும் தரையைத் துளைத்துக்கொண்டு முளைத்திருந்தன. சீட்டோ துருப்பிடித்து, கடைசிக்குப் போன இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. பனைமரமாய் வளர்ந்த வாத்தியாருக்கு அது சௌகரியம். அவளுக்குச் சீட்டின் நுனிக்கு நகர்ந்தால்தான் பெருவிரலாவது படும்.

போன மாதம் பிரேக் பிடிக்காமல் கார் எதிர்வீட்டு கேட்டில் போய் முட்டியது. பிரேக் ஆயில் டப்பா தரைக்கு அடியில் காலியாகக் கிடந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்க்க வாத்தியாருக்குச் சோம்பல்.

"பெடலைத் தூக்கி எஞ்சின் பக்கத் தகட்டுல தொங்கவிட்டுடறேன். டப்பாவும் பானட்டைத் திறந்தா கண்ணெதிரே இருக்கும்."

"மெக்கானிக் கிட்ட விடலாமேங்க?"

"நாலு ஓட்டைக்கு மெக்கானிக்கா?"

இரண்டு பெடலும் சேர்ந்த புதுச் சட்டம் வந்தது. எவ்வளவு தள்ளித் தொங்க வேண்டும் என்று குறிக்க வாத்தியார் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஓட்டுகிற இடத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே!

"வந்து உட்காரு. பிரேக் போடற மாதிரி காலை நீட்டு."

யாருக்கு அளவு என்று கேட்காமல் துணியில் கத்தரி வைத்தவள் இல்லை தையல்காரம்மா. பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, யார் அளவு எடுக்கறீங்க? உட்கார்ந்திருக்கறது நான்."

"கால்னா கால்தான். எனக்கே அளவு சொல்லித் தர்றியா? ஆடாம உட்காரு!"

ஒருமுறை சொல்லியாயிற்று. மறுமுறை சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? முதுகு சீட்டில் ஒட்டும்படி நன்றாகச் சாய்ந்துகொண்டு, சுகமாகக் காலை நீட்டினாள்.

வாத்தியார் குறித்தார், துளைத்தார், முடுக்கினார். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற ஒரு மாலை முழுக்க, "அமுக்கு... பிடி... விடு" என்று சக்கரத்தின் பக்கத்திலிருந்து கத்தினார். அவளும் அமுக்கினாள், பிடித்தாள், விட்டாள். தெருமுனை மெக்கானிக் வந்து நட்டு நட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி பிடிக்குது சார்" என்றார். வாத்தியாருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாத்தியார் இஸ்திரி போட்ட பேண்டோடு கம்பீரமாக ஏறி உட்கார்ந்து, பிரேக்குக்காகக் காலைத் தூக்கினார். முழங்கால் 'டங்'கென்று ஸ்டியரிங்கில் இடித்தது. ஒருக்களித்துப் பார்த்தார். இடுப்பை வளைத்துப் பார்த்தார். மடக்கின குடை மாதிரி உட்கார்ந்து பெடலையே முறைத்தார்.

"என்னம்மா இது, மூஞ்சிக்கு நேரா நிக்குது!"

"அளவு என்னுதுங்க. அன்னிக்கே கேட்டேன்."

வாத்தியார் குனிந்து காலடியைப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "ஆக்சிலேட்டர் பழைய இடத்துலதானே இருக்கு! அது உனக்கு எட்டாதே!"

அவள் கைப்பையைத் திறந்து, பெடல் வடிவத்துக்கு இழைத்த கனமான மரக்கட்டை ஒன்றை எடுத்தாள். திருகாணிகளும் தயாராக இருந்தன.

"அளவெடுத்த அன்னிக்கே அறுத்து வெச்சுட்டேன்."

கட்டையை அவரே குனிந்து பொருத்த வேண்டியதாயிற்று. அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. சுற்றி வந்து மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

கார் தெருவைத் தாண்டியது. தையல்காரம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனாலும் பார்வை ரோட்டைவிட்டு நகரவில்லை. திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் பிரேக்கை அமுக்கினாள். கார் சமர்த்தாக நின்றது. பக்கத்தில் வாத்தியாரும் இரண்டு காலாலும் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க. பன்னிரண்டு வருஷமா நான் மிதிச்சுப் பார்த்துட்டேன்" என்றாள்.