பரம்பரைக் கோட்டாவில் சர்க்கரை

எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாவது செமஸ்டரில் எல்லோருக்கும் ஒரு நோய் ஒதுக்குவார்கள். பட்டியலை மெஸ் வாசலில் ஒட்டியிருந்தார்கள். எனக்குச் சர்க்கரை. அப்பாவுக்கு இருப்பதால் பரம்பரைக் கோட்டாவிலேயே கிடைத்துவிட்டது. அறைத்தோழி ரிஸ்வானாவுக்கு ரத்தக்கொதிப்பு. அவள் கல்லீரல் கொழுப்பு கேட்டிருந்தாள். அதற்குக் கட்-ஆஃப் அதிகம்.

எனக்கு வேண்டாம். அப்பாவின் இடது காலில் மூன்று விரல்கள்தான் மிச்சம். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பயமில்லை, கோபம்தான்.

நோயைத் தடுப்பது எப்படி என்று புதன்கிழமைதோறும் கருத்தரங்கு நடக்கும். முடிந்ததும் ஆளுக்கொரு குலாப்ஜாமூன் தருவார்கள். விழுங்கினால்தான் வருகைப்பதிவு. நான் விழுங்கவில்லை. கரும்பு தின்னக் கூலியா என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். கரும்பும் வேண்டாம், கூலியும் வேண்டாம் என்றேன். எட்டு வாரம் ஆப்சென்ட் ஆனேன். எட்டாவது வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்விகூடக் கேட்டேன். ஆப்சென்ட் ஆனவள் கேள்வி கேட்டதாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நோய்ப்பிரிவு எழுத்தர் தணிகாசலம் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். விரலில் ஊசி குத்தி அளந்தார். சர்க்கரை சரியாக இருந்தது. வருத்தப்பட்டார். தினமும் வந்து அளக்கச் சொன்னார்.

தினமும் போனேன். வராண்டா தினமும் நீண்டது. திங்கள்கிழமை நாற்பது அடி. வெள்ளிக்கிழமை மூன்று கிலோமீட்டர். வழியில் இரண்டு பேருந்து நிறுத்தங்கள் வந்தன. நான் ஏறவில்லை. அளவு இன்னும் குறைந்தது.

“நடந்து நடந்து நோயைக் கெடுத்து வச்சிருக்கியேம்மா,” என்றார் தணிகாசலம்.

ஹால்டிக்கெட் வாங்கக் கடைசி நாள் வந்தது. ஜன்னலில் ஒரே ஒரு ஜாமூன். பூசணிக்காய் அளவு. பக்கத்தில் ஒப்புதல் படிவம். எனக்குப் பின்னால் ரிஸ்வானாவும் இரண்டாம் ஆண்டுக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

“சாப்பிட்டுக் கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா ஹால்டிக்கெட் கிடையாது.”

“வேணாம் சார். நீங்க சாப்பிடுங்க.”

“எனக்கு ஆகாது. சுகர்.”

“எப்போலேர்ந்து?”

“மூணாவது செமஸ்டர்லேர்ந்து.”

வேண்டாமென்று சொல்லவில்லையா என்று கேட்டேன். சொல்லலாம் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். குரலில் மனக்குறை எதுவும் இல்லை.

படிவத்தைப் பார்த்தேன். ‘ஏற்கிறேன்’ என்று ஒரு கட்டம். ‘நன்றியுடன் ஏற்கிறேன்’ என்று இன்னொன்று. மறுக்கக் கட்டமே இல்லை. நானே ஒன்று வரைந்தேன். கோணலாக வந்தது. உள்ளே டிக் போட்டேன்.

தணிகாசலம் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். இப்படி ஒரு கட்டம் விதியில் இல்லை என்றார். இப்போது இருக்கிறது என்றேன்.

ரிஸ்வானா பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் நின்றவள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள்.