குளிப்பாட்டிய எஞ்சின்

சுகுமாரன் செய்ததைத் தப்பு என்று யாரும் வாய்கூசாமல் சொல்ல முடியாது. ஆயுத பூஜை அன்று காலையில் வண்டியைக் கழுவினார், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த எவனும் அதைத்தான் செய்வான்.

அவருடைய அப்பா தோட்டத்தில் லாரி டிரைவர். ஆயுத பூஜை வந்தால் தோட்டத்து வண்டி அத்தனையும் மாரியம்மன் கோயில் முன்னால் வரிசை பிடித்து நிற்கும். மேனேஜர் துரையின் ஜீப்பும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும், அன்றைக்கு அதற்கு மட்டும் தனி மரியாதை கிடையாது. பானெட்டைத் தூக்கி, எஞ்சினைத் தலைமுழுக வைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்த பிறகுதான் சந்தனமும் குங்குமமும். மேலே மட்டும் துடைத்துவிட்டுப் பொட்டு வைப்பது, முகம் மட்டும் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாதிரி என்பார் அப்பா. சுகுமாரன் தோட்டத்தை விட்டு வந்து, திரிங்காப்பு ஊருக்கு மேலே மலைச்சரிவில் செவ்வந்தி போட்டுப் பிழைக்கத் தொடங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

ஆகவே அன்றைக்கும் பூச்சிமருந்து அடிக்கிற பம்பை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரை நிரப்பி, புது பிக்கப்பின் பானெட்டைத் திறந்து பீய்ச்சி அடித்தார். மருந்து பம்பின் வேகம் சும்மாவா? சந்து பொந்தெல்லாம் புகுந்து சேற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவருடைய மனைவி அம்சவல்லி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா அடிங்க. என் ரத்தத்த வாரத்துக்கு மூணு தடவ கழுவுறாங்க. அது பாவம், வருஷத்துக்கு ஒரு தடவதானே குளிக்குது."

அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் கீழே தானா ராத்தா டவுனில் இருக்கிற டயாலிசிஸ் நிலையத்துக்குப் போயாக வேண்டும். அவர்கள் வீடு இருக்கிற இடத்துக்கு டாக்சி வராது. தார் ரோட்டிலிருந்து செங்குத்தாக ஏறுகிற மண்பாதை அது. மழை பெய்தால் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். வண்டி இருந்தால் அவள் அந்த வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் இருக்க முடியாது. விஷயம் அவ்வளவு எளிது, அவ்வளவு கொடியது.

முன்பு அவர்களிடம் பழைய லேண்ட்ரோவர் ஒன்று இருந்தது. மலையில் முட்டைக்கோஸ் ஏற்றுகிறவன், பூ ஏற்றுகிறவன் எல்லாரிடமும் இருந்த அதே பச்சை வண்டி. இருபது ஆயுத பூஜைக்குக் குளித்தது, ஒருநாளும் சளி பிடித்ததில்லை. ஸ்டார்ட் ஆகாவிட்டால் சரிவில் உருட்டிவிட்டுக் கியர் போட்டால் போதும், உறுமிக்கொண்டு எழுந்துவிடும். ஆனால் அந்தப் பாதையில் அது போடுகிற ஆட்டத்தில் அம்சவல்லியின் எலும்பு எண்ணிக்கை மாறிவிடும்போல இருந்தது. ஒருநாள் திரும்பி வரும்போது கையில் ஊசி குத்திய இடம் மறுபடி திறந்து, சேலை முழுக்க ரத்தம். அவள் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தாள். சுகுமாரன் அந்த வாரமே வண்டியை விற்றார். அவளுக்காகத்தான் விற்றார். இதை அவர் மனதில் எத்தனை தடவை சொல்லிக்கொண்டாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

புது பிக்கப்பையும் குறை சொல்லக் கூடாது. தொட்டில் மாதிரி போனது. டயாலிசிஸ் முடிந்து களைத்து வருகிறவள் அதில் சாய்ந்து தூங்கிப்போவாள். அவள் தூக்கம் கலையக் கூடாதென்று வீடு வந்த பிறகும் இவர் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நன்றிக்குத்தான் அன்றைக்குப் பம்பால் அப்படி அடித்தார்.

பூஜை நல்லபடியாக முடிந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கோயிலுக்குப் போய் வந்தது. மறுநாள் டயாலிசிஸுக்குக் கிளம்பி, பாதி இறக்கத்தில், முன்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தீபாவளி மாதிரி எல்லாம். சுகுமாரன் ஆக்சிலேட்டரை மிதித்தார், வண்டி கேட்கவில்லை. நடந்து போகிறவனைவிட மெதுவாக ஊர்ந்து, தார் ரோட்டைத் தொட்டதும் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்தார். கறுப்பு மூடிதான் தெரிந்தது. எதைத் திருகுவது, எதை ஊதுவது? உருட்டிவிட்டுக் கியர் போடலாமென்றால் இந்த வண்டிக்கு அந்தப் பாஷையே தெரியாது.

கீழ்த்தோட்டத்துக் காளியண்ணன் தன் பிக்கப்பில் கோஸ் ஏற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதிலேயே வந்து அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். நேரம் போய்விட்டதால் அன்றைக்கு அவளுக்குப் பாதி ரத்தம்தான் கழுவினார்கள்.

வண்டியை இழுவை லாரியில் ஏற்றி, மலைக்குக் கீழே இருக்கிற ஈப்போ நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அம்சவல்லியும் பிடிவாதமாகக் கூட வந்தாள். ஒர்க்‌ஷாப்பில் ராய்ஸ்டன் என்ற தமிழ்ப் பையன், நல்ல பிள்ளை, லேப்டாப்பை வண்டியில் மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அங்கிள், எஞ்சின் மேல தண்ணி அடிச்சீங்களா?"

"இல்லப்பா. மேல ஒரே மழ லா. மழத் தண்ணி போயிருக்கும்," என்றார் சுகுமாரன். அறுபதை நெருங்குகிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் தரையைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னார்.

"அடிச்சாரு. நான்தான் அடிக்கச் சொன்னேன்," என்றாள் அம்சவல்லி. "ஆயுத பூஜைக்கு. கழுவாம எப்படிப்பா பொட்டு வைக்கறது?"

ராய்ஸ்டன் சிரிக்கவில்லை. "எங்க தாத்தாகூட அப்படித்தான் ஆண்டி கழுவுவாராம். இது வேற மாதிரி. வயரு சேர்ற எடமெல்லாம் தண்ணி எறங்கிருச்சு. ஏதோ கோளாறுன்னு கம்ப்யூட்டருக்குப் பட்டா எஞ்சினோட சக்தியக் கொறச்சிடும். வண்டி தன்னத்தானே காப்பாத்திக்கும்."

"அப்ப என்னைய யாரு காப்பாத்துறது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராய்ஸ்டன் லேப்டாப்பை மூடினான்.

வண்டி திரும்பி வந்தது. ஒரு வாரம் தங்கம்போல ஓடியது. பிறகு மலையில் பனி இறங்கிய ஒரு காலையில் மறுபடி மஞ்சள் விளக்கு. மறுபடி இழுவை லாரி, மறுபடி ஈப்போ. ராய்ஸ்டன் ஏதோ பெட்டியை மாற்றினான், வயரை மாற்றினான். வண்டி வரும், போகும், வரும். புதுசாகக் கல்யாணமான பெண்கூடப் பிறந்த வீட்டுக்கு இத்தனை தடவை போய் வரமாட்டாள்.

இடைப்பட்ட நாட்களில் காளியண்ணன்தான் ஏற்றிக்கொண்டு போனான். எத்தனை நாள் போவான்? கோஸ் லாரி கிளம்புகிற நேரமும் அவளுடைய ஊசி நேரமும் ஒன்று. ஒருநாள் அவனால் வர முடியவில்லை. அன்றைக்கு மழை வேறு. பூத்தோட்டத்தில் வேலை செய்த இரண்டு வங்காளதேசத்துப் பையன்கள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தார்கள். முதல் வளைவிலேயே ஒருவன் சறுக்கினான். அம்சவல்லி, "போதும்யா, வீட்டுக்குத் தூக்குங்க," என்றாள். அன்றிரவு அவளால் படுக்க முடியவில்லை. கால் வீங்கி, மூச்சுத் திணறி, சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். சுகுமாரன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார். அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

டாக்டர் வளைத்துப் பேசவில்லை. "தண்ணி, டீ எதுவா இருந்தாலும் அளந்து குடிங்க. கீழ டவுன்ல வந்து தங்குங்க. இன்னொரு தடவ இப்படி ஆனா நான் பொறுப்பில்ல."

அப்போதுதான் சுகுமாரனுக்கு அந்தப் பழைய வண்டியின் நினைப்பு வந்தது. ஆடினால் ஆடட்டும், தலையணை வைத்துக்கொள்ளலாம். கையைக் காலைப் பிடித்தாவது திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். வாங்கினவன் அதை இன்னொருவனுக்குக் கைமாற்றியிருந்தான். அவன் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் யாருக்கோ கொடுத்திருந்தான். விசாரித்து விசாரித்துப் போனால், வண்டி ஒரு ஸ்ட்ராபெரி கடை வாசலில் நின்றது. பச்சை போய் ரோஸ் பெயின்ட் அடித்திருந்தார்கள். நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

பானெட்டைக் கம்பி கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சுகுமாரன் கிட்டே போய் எட்டிப் பார்த்தார். எஞ்சின் இருந்த இடத்தில் மண். மண்ணில் வரிசையாகச் சிவப்புப் பூச்செடிகள், நன்றாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. பானெட்டின் உள்பக்கத்தை மட்டும் பெயின்ட்காரன் விட்டுவிட்டான். அங்கே அவர் விரலால் வைத்த குங்குமம், வருஷத்துக்கு வருஷம் ஒன்றின்மேல் ஒன்றாக, இன்னும் இருந்தது.

கடைக்காரச் சீனர் சிரித்துக்கொண்டே வந்தார். எஞ்சின் எங்கே என்று சுகுமாரன் மலாயில் கேட்டார்.

"எஞ்சினா? சுடா புவாங் லா," என்றார் அவர். எப்போதோ தூக்கிப் போட்டாயிற்றாம். "பூ அழகா இருக்கு இல்ல?" என்றும் கேட்டார்.

அழகாகத்தான் இருந்தது. சுகுமாரன் தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்த மாதமே தானா ராத்தாவில், டயாலிசிஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையின் மாடியில் அறை பிடித்தார்கள். பூத்தோட்டத்தைக் காளியண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவன் பூ போடுகிறவன் இல்லை, செவ்வந்தியைப் பிடுங்கிவிட்டுக் கோஸ் நட்டான். காளியண்ணன் வீட்டிலும் நாலு வயிறு இருக்கிறது, கேட்க என்ன உரிமை? அம்சவல்லி அறையின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்தபோது பேசிய பேச்சில் கால்வாசி இல்லை. எதைப் பார்த்துக் கிண்டல் பண்ணுவாள்? எதிரே அதே டயாலிசிஸ் நிலையம், பக்கத்தில் செருப்புக்கடை.

மூன்றாவதோ நாலாவதோ மாதம், ராய்ஸ்டன் போன் பண்ணினான். வயரிங் முழுவதையும் மாற்றிவிட்டானாம். இனி விளக்கு எரியாது, ஓட்டிப் பார்த்துவிட்டேன் அங்கிள் என்றான். சுகுமாரன் ஈப்போ போய் வண்டியை எடுத்து, மலை வளைவுகளில் மழையோடு ஏறி வந்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. முன்புபோலவே, தொட்டில் மாதிரி. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார், அந்த வயதில்.

"அம்சு, வண்டி சரியாயிருச்சு. ஒருக்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்துரலாமா? நாளைக்கு உனக்கு ஊசி கிடையாதே. ராத்திரி தங்கிட்டு வரலாம்."

அவள் முகம் ஒரு கணம் பழைய முகமானது. எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். பிக்கப் மழையில் நனைந்து பளபளவென்று நின்றது.

"மேல ஏறிடும்ங்க," என்றாள். "திரும்ப எறங்குமா?"

பழைய வண்டியென்றால் சுகுமாரன் சத்தியம் பண்ணியிருப்பார். இந்த வண்டிக்காக யார் சத்தியம் பண்ணுவது? ராய்ஸ்டனாலேயே முடியாது.

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சாவியைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, அவளுக்குத் தேநீர் போடப் போனார், டாக்டர் சொன்னபடி அரை டம்ளர்.