இரண்டாவது நாடா

"அண்ணி, மூச்சே விட முடியலை!"

மேடைத் திரைக்குப் பின்னால் என் நாத்தனார் லியோனி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உச்சத்தில் ஏற வேண்டிய குரல் பாதியில் அறுந்துபோனதும், நாடக முதலாளி பார்போத்தான் கையை உயர்த்திவிட்டார். "அடுத்த பொண்ணு பாடட்டும். அப்புறம் உனக்கு இன்னொரு தடவை. அவ்வளவுதான்."

பல வருடங்கள் கும்பலோடு நின்று பாடியவளுக்கு முதன்முறையாகக் கதாநாயகி வேடம் கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தது. அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது, கவுனுக்குள் இடுப்பை இறுக்கிக் கட்ட நான் தைத்த கார்செட் என்ற உள்ளுடுப்பு.

"அளவெடுத்தப்போ வயித்தை உள்ள இழுத்துக்கிட்டியா?"

"இல்லையே."

"லியோனி!"

"கொஞ்சம்தான், அண்ணி."

பாரிஸில் என் கடைக்கு வருகிற எல்லாப் பெண்களும் செய்கிற காரியம்தான். அளவு நாடாவைக் கண்டாலே வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே எப்போதும் இரண்டு விரல் கூட்டி வெட்டுவேன். வீட்டுப் பெண்தானே, இவளுமா ஏமாற்றுவாள் என்று நாடா காட்டிய அளவுக்கே வெட்டிவிட்டேன்.

கவுனின் பின்கொக்கிகளை அவிழ்த்து, கார்செட்டின் முதுகு நாடாவில் கை வைத்தேன்.

"ஐயோ, தளர்த்தாதீங்க! கவுன் இடுப்புல ஏறாது!"

அதுவும் உண்மை. ஆனால் கவுனின் மார்புப் பகுதி வெறும் சுருக்கு வைத்த லேஸ். அங்கே இடம் இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே நாடா ஓடியதால்தான் இடுப்பை இறுக்கும்போது விலாவும் சேர்ந்து இறுகியிருக்கிறது.

இடுப்புக்கு மேலே நாடாவைக் கத்தரித்து, நுனிகளை முடிந்தேன்.

"உன் பூட்ஸ் நாடாவைக் கழட்டு."

"பூட்ஸ் கழண்டு விழுந்தா?"

"கவுன் தரையைக் கூட்டிக்கிட்டுத்தானே போகுது. யார் பார்க்கப் போறா?"

மேல் துளைகளில் பூட்ஸ் நாடாவைத் தளர்வாகக் கோத்தேன். மேடையில் மற்றவளின் குரல் தேனாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் பாடறா, இல்ல?"

"வாயை மூடு. மூச்சை இழு."

இழுத்தாள். விலா விரிந்தது. துணிக்குள் தைத்திருந்த திமிங்கல எலும்புப் பட்டைகளும் கூடவே வளைந்து கொடுத்தன. இடுப்பு அப்படியே நின்றது. கவுனும் மாட்டிக்கொண்டது.

லியோனி மேடையேறினாள். அந்த இடம் வந்தது. குரல் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது, பிறகு தானாகவே அழகாக இறங்கியது. அதுவரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதை முதல்லயே பாடியிருக்கக் கூடாதா?" என்று உறுமினார் பார்போத்தான். "திங்கட்கிழமை ஒத்திகை. நீதான் கதாநாயகி."

ஒற்றைப் பூட்ஸோடு ஓடி வந்தாள் லியோனி. மற்றது மேடை நடுவில் கிடந்தது.

"அண்ணி, முதல்ல இதைக் கழட்டுங்க. அப்புறம் கட்டிப் பிடிச்சுக்கலாம்!"

கழற்றியதும் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். நான் அளவு நாடாவை எடுத்தேன்.

"எழுந்திரு. வேற ஒண்ணு தைக்கணும். சாதாரணமா நில்லு."

"சாதாரணமாத்தான் நிக்கறேன்."

நாடா இடுப்பைத் தொட்டதும் வயிறு உள்ளே போனது. இந்த முறை மூன்று விரல் கூட்டிக்கொண்டேன்.